அரை லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
தடவைக்கு நான்கு மணி நேரம்.
நாலாம் நம்பர் நாற்காலி என்னுடையது.
இடது கையில் இரண்டு ஊசி.
சன்னலுக்கு வெளியே டயர் கடை, அதற்கப்பால்
கோலக்கெட்டில் பசாரின் தகரக் கூரை.

எங்களுக்காக ஆறு பட்டாளத்துக்காரர்கள் வருகிறார்களாம்.
பாலிங்கிலிருந்து ஆற்றில் துடுப்பு,
பிறகு தோட்டத்துச் சாலைகளில் சைக்கிள்,
கடைசியில் இருபது கிலோ மூட்டையோடு ஓட்டம்.
இரண்டு பகல், நடுவில் தூங்காத ஓர் இரவு.
கட்டைக்கு இவ்வளவு வெள்ளி என்று
யார் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
சேர்ந்தால் ஒரு மெஷின் வரும்,
ஏழாவது நாற்காலி போடலாம்.

"காசை நேராகக் கொடுத்தால் ஆகாதா?
எதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வேதனை?"
மூன்றாம் நாற்காலி ஆ சூங் கேட்டார்.
யாரிடமும் பதில் இல்லை.
என் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

போன மாதமே சார்ஜன் ஜாபு வந்து
வரைபடத்தை என் வயிற்றின்மேல் விரித்தார்.
இருபத்தாறு வருஷம் செம்பனை லோரி ஓட்டியவர் என்று
மிஸ்ஸி நோரைனி சொல்லிவிட்டிருக்கிறாள்.
ஊசியில்லாத கையால் காட்டினேன்:
இங்கே பாலம் ஒடுக்கம்,
இங்கே நாய்கள், விசில் அடித்தால் போதும்,
ஆலை இறக்கத்தில் மட்டும் பிரேக்கைத் தொடவே கூடாது.
உதிரிப் பழம் கிடக்கும்.
நசுங்கி, மழையும் பட்டால்
ரோடே எண்ணெய்தான்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
குலைகளின் மேல் வலை கட்ட ஐந்து நிமிஷம்.
எனக்கோ நடைக்கு இவ்வளவு என்று கூலி.
அந்த ஐந்து நிமிஷத்தை
ஒருநாளும் நான் கட்டியதில்லை.
ஒருமுறை, பின்கண்ணாடியில்,
நிமிர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு மோட்டார் வெளிச்சம்
அந்த வளைவில் படுத்துக்கொண்டது.
மூன்றாம் கியரிலேயே போய்விட்டேன்.

சனிக்கிழமை மூன்றரை மணி.
டயர் கடைப் பையன்கள் கைதட்டுகிறார்கள்.
ஆறு பேரும் வந்துவிட்டார்கள்,
மூட்டை இல்லாமல் ஒருவன்,
இரண்டு மூட்டையோடு ஜாபு.

அந்த ஒருவனை என் பக்கத்து முக்காலியில் உட்காரவைத்தார்கள்.
ஹைக்கால். இருபத்து மூன்று வயசு இருக்கலாம்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை.
மிஸ்ஸி ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கி
கிண்ணத்தில் போட்டாள். டிங். டிங்.
"ஆலை இறக்கமா?" என்றேன்.
"நீங்கள் சொல்லியும் பிரேக் பிடித்துவிட்டேன், பாக்சிக்.
மன்னித்துவிடுங்கள்."

அவன் என்னிடம் கேட்டான்.

யாரோ ஒன்றரை லிட்டர் போத்தலை நீட்டினார்கள்.
அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.
தொண்டை மேலும் கீழுமாக ஏறி இறங்கியது,
கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போனது,
அதை அவன் துடைக்கக்கூட இல்லை.
எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
ரசம் அதில் அடக்கம்.
மாத்திரை விழுங்கும் மடக்கு அதில் அடக்கம்.
ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு
கரையாதே என்று வேண்டுகிற ஆள் நான்.

பாதியில் அவன் கண் என்மேல் பட்டது.
பிறகு ஆ சூங்மேல்.
பிறகு ஆறாம் நாற்காலியில் அந்தச் சின்னப் பெண் தர்ஷிணிமேல்.
ஆறு பேரும் அவன் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
போத்தலைக் காலுக்குப் பின்னால் ஒளித்தான்,
பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி.

"ஒளிக்காதே தம்பி, குடி.
மெதுவாகக் குடி. எங்களுக்குத் தெரிகிற மாதிரி."

குடித்தான்.
ஆ சூங் எச்சில் விழுங்கினார்.
தர்ஷிணி சிரித்துவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு, பாக்சிக்?" என்றான்.
"ஒரு மணி இருபது நிமிஷம்."
"கூடவே இருக்கிறேன்," என்றவன்
சுவரில் சாய்ந்து, வாய் திறந்து,
அந்தக் கணமே தூங்கிப்போனான்.

வெளியே ஒரு பழ லோரி கியர் மாற்றும் சத்தம்.
வலை கட்டியிருக்கிறானா என்று
ஊசி விட்ட மட்டும் எக்கிப் பார்த்தேன்.
டயர் கடைப் பலகை மறைத்தது.