வாளித் தடம்

பௌதிகவியல் ரீச்சர் மாற்றம் கிடைத்துப் போய்
ஆறாவது கிழமை.
அளவெட்டிப் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில்
நாங்கள் ஏழு பேர், பூட்டுடைந்த அலுமாரி,
கூரைத் தகரத்தில் ஒரு துளை.

துளை எங்களிலும் மூத்தது.
பக்கத்து வளவில் விழுந்த செல்லின் சிதறல் என்பார் காவலாளி.
விளிம்பு உள்ளே மடிந்து
மூன்று முனையாய்க் கிழிந்திருக்கும்.
மாரியில் அதன் கீழே தகர வாளி வைப்பார்கள்.
வைத்து வைத்துத் தரையில் ஒரு கறள் வளையம்.

பங்குனிக் கடைசியில் ஒரு முற்பகல்
நிருத்திகாதான் கண்டாள்:
கிழிசலுக்கு மூன்று முனை,
விழுகிற வெளிச்சத்துக்கு முனையே இல்லை.
"இது துளையின்ர வடிவமில்லையடி.
சூரியன்ர."

பிறகு ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை.
கோபிசன் மேசைமேல் மேசை ஏற்றித்
தங்கூசியைத் துளையில் பிடித்தான்.
நான் கீழே, வெளிச்சத்தின் நடுவில்.
நாலு மீற்றர் இருபது.
சரிந்து விழுவதால் முட்டையாய் நீளுது,
ஒடுங்கின பக்கத்தை அள, என்றான் யூட்.
அடிமட்டம் வைப்பதற்குள் நகர்ந்துவிட்டது.
சோக்கால் சுற்றி வரைந்தோம்.
இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட;
கோட்டைவிட்டு முழுதாய் வெளியேறிற்று.
"ஓடுறது வெளிச்சமில்லை, நாங்கள்,"
கால்விரல்களால் தரையை இறுக்கிக்கொண்டு சொன்னான்.

நாற்பத்து மூன்று மில்லிமீற்றர்.
பதினைந்து கோடி கிலோமீற்றரால் பெருக்கி வகுத்தால்
பதினைந்து இலட்சத்தைத் தாண்டி
வீங்கிக் கிடந்தது சூரியன்.
புத்தகத்தில் பதின்மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.
நூலைத் திட்டினோம்.
யூட்டின் கண்ணைச் சந்தேகித்தோம்.

வழு துளையில் இருந்தது.
அதன் அகலமும் வெளிச்சத்தோடு சேர்ந்து விழுகிறது.
கோபிசன் மறுபடி ஏறி வேணியரை உள்ளே விட்டான்.
"நாலு!"
இறங்கியபோது விரலெல்லாம் கறள்.
நாலைக் கழித்தோம்.
சூரியன் தன் அளவுக்குச் சுருங்கியது.

செய்முறைக் கொப்பியில், வழுவுக்கான காரணம்:
துளையின் பருமன்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம்
பேனையை மூடாமல் இருந்தேன்.

அன்று உச்சியில், பன்னிரண்டேகாலுக்கு,
வாளித் தடத்துக்கு வடக்கே இரண்டு சாண்
தள்ளி நின்றது வெளிச்சம்.
அடுத்த நாள் ஒரு பெருவிரல் அகலம் கிட்ட.
அதற்கடுத்த நாளும்.
மழை நேர்கீழே விழும் இடம் அது.
வெயிலும் நேர்கீழே விழும் நாளைக் கணக்குப் பார்த்தோம்:
வருஷம் பிறந்து மறுநாள்.
பள்ளிக்கூடம் லீவு.

மூடுவதற்கு முதல் நாள் நிருத்திகா
வாளியை எடுத்துத் தடத்தில் வைத்தாள்.
இந்தக் காய்ச்சலில் வாளி ஏன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

வருஷத்துக்கு மறுநாள், பன்னிரண்டு பத்து.
வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பூட்டிய ஆய்வுகூடத்துக்குள்
வெறும் வாளியின் அடியில் இப்போது சூரியன்,
முப்பத்தெட்டு மில்லிமீற்றர்,
வழுவோடு சேர்த்து.