ஐயாயிரம் வரைக்கும்

கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
மூன்றாவது கிலோமீட்டர்.
மஞ்சித் தூளைக் கழுவி, காயப்போட்டு,
ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி
கொச்சிக்கு ஏற்றுகிறேன்.

நாலு பேர் இருந்த காலத்தில்
கம்பெனி என் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்தது.
நாற்பத்தொரு பேர் ஆன பிறகும்
அங்கேயேதான் தொங்கியது.

டீசலா, அக்கா.
தார்ப்பாய் கிழிந்ததா, அக்கா.
யாருக்கு லீவு, எந்த லாரி முதலில்,
கக்கூஸ் பல்பு பியூஸ் போனது வரைக்கும்
அக்கா, அக்கா, அக்கா.
பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சித்திரையில் நங்கையா மகள் கல்யாணம்.
கெட்டிமேளத்துக்கு நடுவே
போனில் கத்திக்கொண்டிருக்கிறேன்:
"உப்பு எவ்வளவு காட்டுது?
இன்னொரு தண்ணி உடு!"
தூவ வேண்டிய அரிசி
என் உள்ளங்கையில் வேர்த்து ஊறிக் கிடந்தது.
வீடியோவில் எல்லாம் இருக்கிறது.
விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டுகிறார்கள்.

அடுத்த திங்கள்
ஆபீஸ் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் எழுதினேன்:
ஐயாயிரம் வரைக்கும் என்னைக் கேட்க வேண்டாம்.
மெஷின் ரெஜி. கழுவுவது பூவாத்தாள். லோடு அபுதாகிர்.

முதல் வாரம் முழுக்க
மூன்று பேரும் என்னிடம் வந்து கேட்டார்கள்,
கேட்காமல் இருக்கலாமா என்று.

ஆனி மழையில்
பூவாத்தாள் மீட்டரில் ஒரு புள்ளியைத் தவறவிட்டாள்.
ஒரு லோடு முழுசும் உப்பு.
கொச்சி வரை போய், நனைந்த மாடு மாதிரி
திரும்பி வந்து நின்றது லாரி.
முப்பத்தெட்டாயிரம்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
கழுவுதொட்டி வால்வுச் சாவியை
மேசைமேல் வைத்துவிட்டுப் போகப் பார்த்தாள்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
இரண்டாம் வருசம் நான்
கழுவாமலே ஒரு கன்டெய்னர் ஏற்றியிருக்கிறேன்.
என் சாவியைப் பிடுங்க
அன்றைக்கு ஆளில்லை, அவ்வளவுதான்.
"எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.
குரல் கொஞ்சம் கடுப்பாகத்தான் வந்தது.
இப்போது ஒருத்தி மீட்டரைப் பார்த்துச் சொல்ல
இன்னொருத்தி வாய்விட்டுப் படித்து எழுதுகிறாள்.
அது பூவாத்தாளே கண்டுபிடித்த வழி.
எனக்குத் தோன்றியிருக்காது.

நேற்று ராத்திரி இரண்டரைக்கு
பிரஸ்ஸின் பெல்ட் அறுந்திருக்கிறது.
கொழிஞ்சாம்பாறையில் கடைக்காரரைக் கதவு தட்டி எழுப்பி
புதுசு வாங்கி மாட்டி,
நாலரைக்குக் கட்டி அடிக்கத் தொடங்கியிருக்கிறான் ரெஜி.
மேசையில் பில். மலையாளத்தில்.
எண் மட்டும் எனக்குப் புரிகிறது:
நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை.
ஏழு மணிவரை தூங்கியிருக்கிறேன்,
பிள்ளை பெற்ற வாரத்தில்கூட
அப்படித் தூங்கியதில்லை.

"ஏன்டா என்னை எழுப்பல?"
"ஐயாயிரத்துக்கு உள்ளதானே சேச்சி."

நல்லது என்றேன்.
தொண்டையில் என்னவோ, தூளாக இருக்கும்.

கதவை உள்பக்கம் சாத்தி
ஐந்தை மட்டும் துணியால் துடைத்தேன்.
எட்டா, பத்தா என்று
சாக்பீஸோடு நிற்கிறேன்.
வெளியே ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது,
கால் தன்னால் திரும்புகிறது.
அபுதாகிரைத்தான் கூப்பிடுகிறார்கள்.