நாலாம் எண் இல்லை

மசேருவில் என் டாக்ஸி போன்றவற்றுக்குப் பெயர்
நாலும்-ஒண்ணும்.
நாலு பயணிகள், ஓட்டுகிற ஒருத்தி நான்.
ஜூன் மாதம், விடியாத ஐந்தே முக்கால்.
தெட்ஸானே தையல் ஆலைகளுக்குப் போகும் சாலையில்
மூன்று பேரோடு, நாலாவது ஆளுக்கு
ஹாரன் அடித்தபடி வந்தவள்
ஒரு வேகத்தடையில் நின்றேன்.
நின்றது நின்றதுதான்.

சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது,
ஆவேசமாய், வீணாய்.
பின்சீட்டுக்கு அடியில்
பெட்ரோல் பம்ப் முனகும் அந்த இரண்டு நொடி
மட்டும் இல்லை.
ஃப்யூஸைப் பார்த்தேன். கம்பி முழுசாக இருந்தது.
அப்படியானால் ரிலே.

பானெட் தகரத்தில் உறைபனி விரலைப் பிடித்தது.
கெனேயில்வே போர்வையோடு இறங்கி வந்து
போன் விளக்கைக் காட்டினாள்.
"ஏழுக்கு கேட் மூடிடும், ம்மே."
தெரியும்.
ஏழு வருஷம் ஜீன்ஸுக்குப் பை தைத்தவள் நான்.

அரைத் தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டி.
நாலு கால்.
அடியில் பொடி எழுத்தில் 1, 2, 3, 5.
நாலாம் எண் இல்லை;
ஐந்து கால் உள்ளவற்றுக்குத்தான் அது.
என் பின்சீட்டு மாதிரியே என்று சிரிக்க
அப்போது நேரமில்லை.

பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்,
ஒன்றிலும் இரண்டிலும் தொட்டேன்.
டிக்.
"உயிர் இருக்கு," என்றார்
முன்சீட்டுக்காரர், இறங்காமலே.
இல்லை, ண்டாத்தே.
டிக் என்பது உள்ளே ஒரு காந்தம்
காதில் விழுந்தது என்று சொல்வது. அவ்வளவுதான்.
மூன்றிலும் ஐந்திலும் மீட்டரை வைத்தேன்.
கூவ வேண்டிய மீட்டர் சும்மா இருந்தது.
மறுபடி டிக். மறுபடி சும்மா.

இந்த ஓசை எனக்குப் பழக்கம்.
வண்டிச் சொந்தக்காரர் சியாபாட்டா
முதல் மணியிலேயே போனை எடுப்பார்.
டயர் தேய்ந்துவிட்டது என்றால் ஏ, ஏ என்பார்.
இன்ஷூரன்ஸ் என்றாலும் ஏ, ஏ.
எங்கள் மொழியில் ஏ என்றால் ஆமாம்.
மாசம் முடியும். டயர் வராது.

அதே நிறம், அதே கால்களோடு
பக்கத்தில் இன்னொன்று: ஹாரனுடையது.
பிடுங்கித் தொட்டேன். டிக்.
மீட்டர் கூவியது, குளிரில் கோழிக்குஞ்சு போல.
அதைப் பம்புக்குக் கொடுத்தேன்.
காலி ஓட்டையில் தூசி போகுமே என்று
செத்ததை ஹாரன் இடத்தில் செருகினேன்.
பின்சீட்டுக்கு அடியில் ம்ம்ம்.
கிளம்பினோம்.

ஹாரன் இல்லாத நாலும்-ஒண்ணும்
வாய் திறக்காமல் கீரை விற்கப் போன கதை.
பழக்கத்தில் கட்டைவிரல் அழுத்தியது.
ஓரமாய் நடக்கும் ஒரு முதுகை நோக்கி
பானெட்டுக்குள் டிக்,
எனக்கு மட்டும்.
முதுகு திரும்பவில்லை.

கெனேயில்வே கண்ணாடியை இறக்கினாள்.
தலையும் ஒரு தோளும் வெளியே.
ஐநூறு மிஷின் ஓடும் ஹாலில்
நூல் கேட்டுக் கத்திப் பழகிய தொண்டை.
"தெட்ஸானே! ஒரே ஒரு இடம்! தெட்ஸானே!"
நாய்கள் எழுந்தன.
மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள்.
ஒருத்தியைத்தான் ஏற்ற முடிந்தது.

ஆறு ஐம்பத்தாறு. கேட் திறந்திருந்தது.
கெனேயில்வே காசு நீட்டினாள்.
"ஹாரனிடம் யாராவது டிக்கெட் வாங்குவார்களா?"
என்றேன். ஓடிவிட்டாள்.

சாயங்காலம் புது ரிலே, தொண்ணூறு மலோட்டி.
கடைவாசலிலேயே மாற்றிவிட்டு
பழையதின் மூடியைக் கத்தியால் பிரித்தேன்.
செம்புச் சுருள் நேற்றுச் சுற்றியது போலிருந்தது.
குட்டி நாக்கு ஒழுங்காக அசைந்தது.
அது போய்த் தொட வேண்டிய ஒரு புள்ளி மட்டும்
கரிந்து, குழிந்து,
மிளகில் பாதிகூட இல்லை.

சியாபாட்டாவுக்கு போன் போட்டேன்.
ரிலே, தொண்ணூறு, என் கைக்காசு,
இந்த வாரப் பணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றேன்.
ஏ, ஏ என்றார்.
நான் கேட்கவில்லையே, ண்டாத்தே. சொன்னேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

போனை வைத்துவிட்டு
ஹாரனை அழுத்திப் பார்த்தேன்.
கடைக்காரர் கையிலிருந்த டீ
அவர் சட்டைமேல்.