மிளகளவு வட்டம்

முதல் ஓட்டம் பன்னிரண்டரைக்கு முடிந்தது.
அடுத்தது நாலரைக்கு.
பணிமனை நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கலாம்;
சட்டைப்பையிலிருந்த ஐம்பது வெள்ளித் தாள்
விடவில்லை.

பூகிஸ் பக்கம் பழைய கடைத்தொகுதி,
மூன்றாம் மாடி, மின்தூக்கிக்கு இடப்புறம்.
ஓட்டுநர் சீருடையோடு நுழைந்தேன்.
"மகளுக்கா?" என்றார் திருமதி குவெக்.
"எனக்குத்தான். வாழ்த்தட்டை செய்ய."
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்,
வேறெதுவும் கேட்கவில்லை.

சுவர் நெடுகக் காந்தத்தில் ஒட்டிய எஃகு அச்சுகள்.
நகத்தின் கனம்தான்.
விளிம்பு மட்டும் கத்தி.

வண்ணத்துப்பூச்சி இருபத்தெட்டு வெள்ளி.
சிறகில் நரம்பெல்லாம் ஓடுகிறது, அழகுதான்.
ஆனால் எங்கே ஒட்டினாலும் அது வண்ணத்துப்பூச்சி;
வேறொன்றாய் இருக்க அதற்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் பிறந்தநாள் வாழ்த்து,
ஒரே வளைவாய், முப்பத்திரண்டு.
தமிழில் உண்டா என்று கேட்கவில்லை.
கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவானேன்.

ஜூலை மாதம், கிறிஸ்துமஸ் மான்கள் பாதி விலை.
பாதி விலை என்றால் மானுக்குக் கால் கூடுகிறது,
நேரே நம் கூடைக்குள் ஓடி வருகிறது.
எடுத்தும் விட்டேன்.
பதினொரு மாதம் இழுப்பறையில் படுத்திருக்கும் மானுக்கு
யார் புல் போடுவது?
திரும்ப மாட்டினேன்.

பிறகுதான் பார்த்தேன் வட்டங்களை:
ஒன்றின் வயிற்றில் ஒன்றாய் எட்டு,
முப்பத்தாறு வெள்ளி தொண்ணூறு காசு.
விலைச்சீட்டின் பின்னால் மனக்கணக்கு ஓடியது.
ரொஹானாவின் பணி ஓய்வுக்கு ஸ்டியரிங்.
பூன் கியாட் மகனுக்கு மாதம் நிறைகிறது, சிவப்பு முட்டை;
கொஞ்சம் உருண்டையான முட்டை, பரவாயில்லை.
பக்கத்திலேயே பிறை அச்சு தனியாகத் தொங்கியது,
பத்தொன்பது வெள்ளி.
பெரிய வட்டத்தைச் சின்ன வட்டம்
ஓரமாய் ஒரு கடி கடித்தால் பிறை வராதா?
பத்தொன்பது மிச்சம்.

"இந்தக் கடைசி வட்டம் மிளகளவு இருக்கிறதே,
இது எதற்கு?"
"எதற்கும் இல்லை," என்றார். "செட்டில் வருகிறது."

ஈசூனில், பதினோராம் மாடியில்,
இரவு இரண்டாம் ஓட்டம் முடிந்து இயந்திரத்தை எடுத்தேன்.
எம்ஆர்டி வாசலில் கைமாறிய பழசு,
கைப்பிடியில் ஒரு திருகாணி இல்லை.
சுழற்றினால் நெறுநெறுவென்கிறது;
கீழ்வீட்டில் யாரோ அப்பளம் நொறுக்குவதாய் நினைக்கட்டும்.

முதல் அட்டை தவசீலனுக்கு.
ஜோகூரிலிருந்து விடியுமுன் பாலம் தாண்டி வருகிறவன்.
மனைவி போய்ப் பதினாறு முடிந்து
நாளை வேலைக்குத் திரும்புகிறான்.

பூ வைத்துப் பார்த்தேன். எடுத்தேன்.
கறுப்பு நாடா. எடுத்தேன்.
சாம்பல் அட்டையின் நடுவில்
மூன்றாவது வட்டத்தை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன்.
வட்டம் கழன்று விழுந்தது.
ஓட்டையை ஓட்டையாகவே விட்டேன்.

உள்ளே பேனாவால் எழுதினேன்:
உடன் இருக்கிறோம்.
மூன்று புள்ளிகளை மட்டும் வைக்காமல்.

மிளகளவு வட்டத்தைக் கறுப்புத் தாளில் அழுத்தி
ஊசி முனையால் தள்ளி எடுத்து
ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும் எழுத்துக்கு
அடையாளம் அதுதான்,
ஒன்றாம் வகுப்பில் சொன்னார்கள்.
ஒட்டும்போதுதான் கை நடுங்கியது.

காலையில் தவசீலன் பிரித்தான்.
ஓட்டைக்குள் விரலை விட்டான்.
"இங்கே ஒன்றும் இல்லையே," என்றான்.
"ஆமாம்."
தலையசைத்துவிட்டுப் பேருந்தை நோக்கி நடந்தான்,
அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு.

கழன்று விழுந்த சாம்பல் வட்டம்
மேசையில்தான் இருக்கிறது.
தாள் என்ன விலை விற்கிறது, தூக்கிப் போடுவதற்கு?
விளக்குத் திருவிழா வரட்டும்,
யாருக்காவது நிலா தேவைப்படும்.