ஏழாம் இலக்கம்

மூன்றரைக்குத் திறக்கிறேன்.
முதலில் மின்விசிறி,
பிறகு வாங்குகளுக்கு ஒரு துடை,
பிறகு லாச்சிக்குள் கிடக்கும் இலக்கத் துண்டுகள்.
ஒன்றிலிருந்து நாற்பது வரை,
ஏழைத் தவிர.

ஏழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டொக்டர் பேரின்பநாயகம்
ஆஸ்பத்திரியில் வாட்டு முடித்து
நாலரைக்கு வருவார் என்கிறது பலகை.
பலகை எழுதியவனுக்கு வாட்டைத் தெரியாது.
நான் ஐந்தேகால் என்று சொல்வேன்.
ஐந்துக்கு வந்தால் அவர் நல்லவர்,
ஐந்தரைக்கு வந்தால் நான் பொய்க்காரி.

இந்தத் தட்டில் மட்டும்
ஆறு பரமேஸ்வரி.
நீர்வேலிக்காரிக்குச் சீனி,
கொக்குவில்காரிக்குப் பிறசர்,
தாவடியில் இரண்டு பேர்:
ஒரே ஒழுங்கை, தலைப்பெழுத்தும் ஒன்று,
தலையெழுத்து மட்டும் வேறு.
ஒருத்திக்குப் பெனிசிலின் ஒவ்வாது.
அவளுடைய அட்டையில்
சிவப்புப் பேனையால் இரண்டு கோடு இழுத்த இரவு
நான் நன்றாகத் தூங்கினேன்.

தொலைபேசி அடிக்கும்.
"டொக்டர் நிக்கிறாரோ?" இது விசாரணை.
"டொக்டர் நிக்கிறார்தானே?" இது பயம்.
பின்னதுக்கு
"ஓட்டோ பிடிச்சு வாங்கோ" என்பேன்.
பெயர் பிறகு கேட்கலாம்.

போன ஆவணியில் டொக்டரின் மருமகன்
கொழும்பிலிருந்து கணினியோடு வந்தான்.
ஆளுக்கு ஆறு நிமிசம் என்று
திரை நிறையப் பச்சைக் கட்டங்கள்.
வடிவாய்த்தான் இருந்தது.
"தம்பி, காது கேக்காத ஆளுக்கும் ஆறோ?
மகன் காசு அனுப்புறான், கதைக்கிறானில்லை எண்டு
அழ வாறவவுக்கும் ஆறோ?"
அவன் என்னையும் கட்டங்களையும்
மாறி மாறிப் பார்த்தான்.
போகுமுன் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும்
'குறிப்பு' என்று ஒரு வெறும் பெட்டி வைத்துவிட்டுப் போனான்.
கெட்டிக்காரன்.

அதற்குள் நான் எழுதியவை:
படி ஏற மாட்டார், வெளியில் வந்து பாக்கவும்.
ஊர்காவற்றுறை பஸ் ஆறு இருபதுக்கு.
விலையைச் சொல்லிப்போட்டு மருந்தை எழுதவும்.
வாசிக்கத் தெரியாது, தெரியும் என்பார்.
மனுசன் பக்கத்தில் இருக்கேக்க
கையில் உள்ள காயத்தைப் பற்றிக் கேக்க வேண்டாம்.
என்னை ஒருக்கால் கூப்பிடுங்கோ,
மனுசனை மருந்துச்சீட்டோடு கடைக்கு அனுப்பிறன்.

ஏழு.

மூன்று வருசத்துக்கு முன் ஒரு மாரி.
வாங்கு நிறைய இருமல்.
குருநகரிலிருந்து ஒருவன்
பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தான்.
முப்பத்தெட்டு என்று துண்டு கொடுத்தேன்.
வாங்கினான், நன்றி என்றான்,
கதவடியில் ஒதுங்கி நின்றான்.
சத்தம் போடவில்லை.
போட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பேன்.
பதினோராம் ஆள் உள்ளே போகையில்தான்
துவாய் விலகி
அந்தச் சின்ன உதட்டைக் கண்டேன்.
நாவற்பழ நிறம்.

பிள்ளை பிழைத்தது.
இப்போது முன்பள்ளிக்குப் போகிறதாம்.
தகப்பன் எப்போதாவது நண்டு கொண்டுவருவான்.
சும்மா வாங்க மாட்டேன்.
சந்தை விலைக்கு ஒரு ரூபாய் குறையாமல்
அவன் சட்டைப் பையில் வைத்துவிடுவேன்.
ஏன் என்று அவனுக்குத் தெரியாது.
அவனைப் பொறுத்தவரை நான்தான் அன்று ஓடினவள்.

அன்றிலிருந்து ஏழு
என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே.
பதின்மூன்றுக்குப் பிறகும் ஏழு வரலாம்,
முப்பதுக்குப் பிறகும்.
பலநாள் வராமலே கிடக்கும்.
ஒரு நாளுக்கு ஒரு துண்டின் காசு நட்டம்தானே என்று
டொக்டர் மாதக் கணக்கில் கேட்டதில்லை.
கண்டும் கேட்கவில்லையா, காணவே இல்லையா,
அதை நானும் கேட்டதில்லை.

இன்றைக்கு எட்டாம் இலக்கம்
இளைப்பாறிய கணக்கு மாஸ்டர்.
மூக்குக்கண்ணாடியை இறக்கிச் சொல்கிறார்:
"பிள்ளை, ஆறுக்குப் பிறகு எட்டோ? இது பிழை."
"ஓம் மாஸ்டர், பிழைதான்."
அவர் திருப்தியோடு
செய்தித்தாளை விரிக்கிறார்.

வெளியே ஓட்டோ ஒன்று
நிற்காமலே நிற்கிற சத்தம்.
நான் கண்ணாடியின் ஓரத்தை
நகத்தால் நெம்புகிறேன்.