ஒன்பதாவது ஆறு

ஒசாகாவிலிருந்து வந்த வரைபடத்தில்
உயரம் நான்கடி இரண்டங்குலம்.
கல்: கிருஷ்ணகிரிக் கறுப்பு, புள்ளி விழாதது.
முன்முகம் கண்ணாடி மெருகு.
இறந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கம்பெனியின் பெயர்:
மிசுகுரா கேம்ஸ், 1985 – 2004.
கீழே இருபத்து மூன்று வரிகள்.
அவர்கள் செய்த ஆட்டங்கள், செய்த வரிசையில்.

கம்பெனிக்குமா கல்லு வெப்பாங்க,
என்றார் மேஸ்திரி திம்மராயன்.
அட்வான்ஸ் ஏறிடுச்சி, என்றார் முதலாளி.
அத்தோடு கேள்வி முடிந்தது.

நான் பர்கூர் ரோட்டுப் பட்டறையில்
கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவள்.
படிக்கத் தெரியாத எழுத்தைப்
பிழையில்லாமல் வெட்டுவது என் வேலை.
ஒரு கீற்று குறைந்தால்
செத்தவர் வேறு ஆளாகிவிடுவார்.
பதினோரு வருஷத்தில் அப்படி ஒருவரும் ஆகவில்லை.

உச்சியில் ஒரு சின்னம்.
குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு.
எது பள்ளம் எது மேடு என்று
எண் போட்டு அனுப்பியிருந்தார்கள்.
ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தேன்.
காது வந்தது. வால் வந்தது.
தோளில் பை வந்தபோது
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இன்னாது இது, நாயா?
நரி மேஸ்திரி. தபால்கார நரி.

தொண்ணூற்றெட்டு, மே மாதம்.
ரவுண்டானாவுக்குப் பின்னால் ஷாபுதீன் கடை,
மணிக்கு ஐந்து ரூபாய்.
மஞ்சள் கேசட்டில் ஆயிரத்தொரு ஆட்டம் என்று ஒட்டியிருக்கும்,
உள்ளே முப்பத்தாறுதான், திரும்பத் திரும்ப வரும்.
எல்லாவற்றிலும் பெயர்ப்பலகையைப் பிடுங்கியிருந்தார்கள்.
நரிக்கு நாங்கள் வைத்த பெயர் சம்பங்கி,
எங்கள் தெருவுக்குத் தபால் போட்டவர் பெயர்.
எட்டு ஆறு தாண்டுவார் சம்பங்கி.
ஒன்பதாவதில் விழுவார்.
எங்கே நின்று குதித்தாலும் விழுவார்.
அண்ணன் முனிராஜ் அதற்காக மட்டும்
ஒரு கோடை விடுமுறையையும்
மாங்கூழ் பேக்டரியில் கொட்டை பிரித்த கூலியையும் தொலைத்தான்.

இணைப்பில் ஆங்கிலப் பட்டியல் இருந்தது.
இரண்டு: தவளை மேயர்.
ஐந்து: எதிர்வீட்டு எரிமலை.
பதினொன்று, நாங்கள் தக்காளி என்று கூப்பிட்டது,
உண்மையில் சூரியனாம்.
பாலக்கோட்டு மண்டி விலை கூவியபடி
எத்தனை சூரியனை உடைத்திருக்கிறோம்.
ஏழு: மழைக்கு முன் கடிதம்.
அதுதான் சம்பங்கி.

பதினேழில் ஒன்றுமில்லை.
குறிப்பு மட்டும்: முடிக்கவில்லை.
எழுத்து வேண்டாம், இடம் வேண்டும்.

ஓசூருக்கு போன் போட்டேன்.
அண்ணே, அந்த நரிக்கு நெஜமாவே பேர் இருக்கு.
லைன் ஓடுது, அப்புறம் பேசறேன், என்றான்.
வைக்கவில்லை.
மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
பேர் இருக்கட்டும், ஆத்தைத் தாண்டறது எப்படின்னு கேளு.

அளவு சரிபார்க்கும் மெயிலில்,
பேக்கிங் எடைக்குக் கீழே,
முதலாளி கண்ணில் படாத எழுத்தில் கேட்டேன்:
ஒன்பதாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் பதில் வந்தது.
மரப்பெட்டிக்குப் புகைமருந்து அடித்த சான்றிதழ் எங்கே,
கன்டெய்னர் எண் எப்போது தருவீர்கள்,
மூலை உடைந்தால் பொறுப்பு யாருடையது.
கடைசியில், வேறொருவர் தட்டியது போல:
அந்த ஆற்றை வரைந்தது நான்.
சிப்பில் இடம் தீர்ந்துவிட்டது.
அதனால்தான் ஆறு.

பதினேழாவது வரியைத்
திம்மராயன் இரண்டு தடவை மெருகேற்றினார்.
சும்மா கிடக்கற எடத்துலதான்
மூஞ்சி நல்லா தெரியும், என்றார்.
குனிந்து மீசையைத் திருத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டிரெய்லர் கிளம்பியது.
டோல்கேட்டில் அரை கிலோமீட்டர் வரிசை.
மாங்காய் லாரி, பள்ளிக்கூட வேன், ஒரு கல்யாண பஸ்,
நடுவே மரப்பெட்டிக்குள் நரி,
பையைத் தோளில் போட்டுக்கொண்டு.
பைக்கை ஓரங்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கட்டணம் கழிந்து பீப் என்றது,
காசு பொறுக்கும்போது வரும் அதே சத்தம்.
கட்டை தூக்கியது.