இருபத்திரண்டு சென்டிமீட்டர்

வெள்ளி மாலை நான்கு மணிக்குள்
ஒன்பது பக்கம்.
பத்தாவதாக ஒரு பக்கம் இருந்தால்
திறக்கவே மாட்டார்களாம்.
தாலின் அலுவலகத்தில் அப்படி ஒரு விதி.

முதலில் எலும்புகளை அடுக்கினேன்:
பின்னணி, தேவை, வழிமுறை, செலவு, இடர்கள்.
முதல் பக்கத்தைச் சுருக்கத்துக்கென்று
வெறுமையாக விட்டேன்.
எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்,
எல்லாவற்றுக்கும் பின்னால் பிறக்கும்.
பாயிரம் எப்போதும் பொய் வயது சொல்லும்.

தீவிலிருந்து கரைவரை பதினொரு கிலோமீட்டர்.
கடல் உறைந்தால் அதன் முதுகில் சாலை போடுவது
எங்கள் தொழில்.
கால்யுவின் இரண்டு பனிவாரி வண்டிகள்,
வழி தெரியக் கிளைகளை நட்டுப்போகும் மூன்று பேர்,
துளையிட்டுத் தடிமன் பார்க்கும் ஊனோ,
அப்புறம் நான்,
ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
இவர்கள் எல்லாரையும்
செயப்பாட்டு வினையில் எழுதுகிறவள்.

அளவீடுகள் மேற்கொள்ளப்பட்டன.
யாரால்?
தோன்றா எழுவாய்.
ஈரக் காற்றில் கையுறையைக் கழற்றிப்
பல்லில் கடித்துக்கொண்டு
பென்சில் பிடித்த ஒருவன்
அந்த வாக்கியத்துக்குள் எங்கேயும் இல்லை.

ஊனோவின் குறிப்பேட்டில் மீன் வாடை.
ஜனவரி ஆறு: ஏழு சென்டிமீட்டர்.
ஜனவரி பதினான்கு: ஒன்பது. முஸ்தி இறங்க மறுத்தது.
ஜனவரி இருபத்தொன்று: துளையிட ஒன்றுமில்லை. அலை.
பிப்ரவரி மூன்று: நாலு. முஸ்தி காரைவிட்டே வரவில்லை.

சாலை திறக்க இருபத்திரண்டு வேண்டும்.

அட்டவணையில் தேதிக்கு இடம் உண்டு,
தடிமனுக்கு இடம் உண்டு,
நாய்க்கு இல்லை.
‘குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.
கால்யு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
“நாயை எடு” என்றான்.
எடுத்து, இணைப்பு ‘ஈ’யில் வைத்தேன்.
இணைப்புகளை யாரும் புரட்டுவதில்லை.
அங்கே அது நிம்மதியாகப் படுத்திருக்கும்.

போன வருடத்துத் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி
அனுப்பிவிடலாம் என்றான்.
மூன்று வருடமாக அப்படித்தான் அனுப்புகிறோம்.
‘சாதகமான வானிலை நிலவும் பட்சத்தில்’
மூன்று வருடமும் ஓர் எழுத்து மாறாமல்.
மூன்று வருடத்திலும் சேர்த்து
சாலை திறந்திருந்தது எட்டு நாள்.

புதன் இரவு
இடர்களை எட்டாம் பக்கத்திலிருந்து தூக்கி
இரண்டாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை.
அங்கே சம்பிரதாயமாக இருந்தது
இங்கே செய்தியாகிவிட்டது.
அதன்பின் ‘தேவை’ எங்கே வைத்தாலும்
கால் ஊன்றவில்லை.

“சாலைக்காரர்கள் சாலை வேண்டாமென்றா எழுதுவார்கள்?
வண்டிக் கடன் எவ்வளவு நிற்கிறது, தெரியுமா?”
தெரியும்.
செலவுப் பகுதியை எழுதியது நான்தானே.

வியாழன், குறிப்பேட்டைத் திரும்ப வாங்க ஊனோ வந்தான்.
நின்றபடியே திரையைப் படித்தான்,
உதடுகள் அசைய, வெகு நேரம்.
“முஸ்தி எங்கே?”
“இணைப்பில்.”
தலையாட்டினான்.
“பக்க எண் போட்டிருக்கிறாயா?”

வெள்ளி, மூன்று இருபது.
முதல் பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது,
எங்கள் கடல் இருந்திருக்க வேண்டியதைப் போல.

இந்தக் குளிர்காலத்துக்கு
நாங்கள் சாலை முன்மொழியவில்லை.
கடலைத் தொடர்ந்து அளக்க
நாங்கள் நிதி கேட்கிறோம்.

நாங்கள்.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
ஓர் எழுவாய்.

கால்யு இரண்டு முறை படித்தான்.
ஒன்றும் சொல்லாமல்
என்னை நாற்காலியிலிருந்து எழச் சொன்னான்.
அழிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.
ஏழாம் பக்கம் போய்,
எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் நடுவே
இரண்டு விரலால் தட்டினான்:
நாய்த்தீனி, மாதம் பதினெட்டு யூரோ.

அந்த ஒரு வரி
கடைசி வரியைப் பத்தாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது.
மூன்று ஐம்பத்திரண்டு.
ஓரங்களைக் குறுக்கினேன்.